பொன் விலையும் கண்ணாடி விலையும்

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். திண்ணையில் பேரப்பிள்ளைகள் இருவரும் தலைகவிழ்ந்து நின்றுகொண்டிருந்தனர். உள்ளே சென்று பார்த்தால், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த 43 அங்குலத் தொலைக்காட்சியின் முகத்தில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு விரிசல் ஓடியிருந்தது. பந்து பட்ட இடத்தில் மை கொட்டினாற்போல் ஒரு கறை. அதைச் சுற்றி வண்ணக் கோடுகள். என் மகன் என் முகத்தைப் பார்த்தான். முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழுது பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். ஏதாவது செய்ய முடியுமா என்று அவன் பார்வை கேட்டது.

செய்வதற்கு ஒன்றுமில்லை. உடைந்தது பேனல். அதை வாங்கி மாற்ற ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய பெட்டியே வாங்கிவிடலாம். இரண்டு நாளில் புதியது வந்தது. பழையதை எடைக்கு எடுப்பவர் சில நூறு ரூபாய் கொடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெட்டி போனதற்காக அல்ல. புதிய பெட்டிக்கு மகன் கொடுத்த தொகையைப் பொன்னாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன். அது என்னுடைய பழைய வழக்கம். இரண்டு கிராம் பொன்னின் விலைகூட ஆகவில்லை. அதே வீட்டில், அதே கூடத்தில், 1985-ஆம் ஆண்டு வந்திறங்கிய முதல் தொலைக்காட்சிக்கு நாங்கள் கொடுத்தது நாற்பத்தெட்டு கிராம். என் உம்மாவின் கைவளையல்கள் ஆறு. ஒவ்வொன்றும் ஒரு சவரன்.

அந்த ஆறு வளையல்களின் வரலாற்றை இதுவரை நான் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடைத்தெருவில் நாள்தோறும் விலை இறங்கும் பொருள்களைக் கடன்பட்டு வாங்கும் காலம் இது. அந்தப் பாடத்தை நான் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய விலை கொடுத்துப் படித்தவன்.

தாமிரபரணியின் தென்கரையில் எங்கள் கல்லிடைக்குறிச்சி. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அம்பாசமுத்திரம். அப்பளத்தால் வெளியூர்களில் பெயர் பெற்ற ஊர் இது. வாப்பாவின் வாணிகமோ அப்பளம் அன்று, பாய். சேரன்மகாதேவியைக் கடந்து பத்தமடைக்குச் சென்று, அங்கே நம் பெண்மக்கள் நெய்யும் கோரைப் பாய்களை வாங்கிவந்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பார்கள். நாணயமான வியாபாரி என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது; செல்வர் என்ற பெயர் இல்லை.

நான் ரேடியோ பழுது பார்க்கக் கற்றிருந்தேன். பள்ளிவாசல் தெருவின் முனையில் ஒரு சிறு அறையில் டிரான்சிஸ்டர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982-இல் இரண்டு செய்திகள் ஒருசேர வந்தன. பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிற்று. அதே ஆண்டில் இந்தியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிற்று. திருநெல்வேலிச் சீமையில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் படத்தைப் பிடிக்க வசதியுள்ளோர் முயன்றனர். வானம் தெளிந்த இரவுகளில் படம் வரும். மற்ற இரவுகளில் எறும்பு ஊர்வதுதான் தெரியும். 1984-இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. இனி ரேடியோவை நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

தொலைக்காட்சியைப் பழுது பார்க்கக் கற்க வேண்டும். கற்பதற்கோ ஒரு பெட்டி வேண்டும். எவரும் தம் வீட்டுப் புதுப் பெட்டியைக் கற்றுக்குட்டியின் கையில் கொடுப்பாரா? சொந்தமாக ஒன்று வாங்கினால்தான் உண்டு. இருபது அங்குல வண்ணப் பெட்டி ஒன்பதாயிரம் ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சவரன் பொன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் இருந்தது. என் கண் உம்மாவின் வளையல்கள் மீது விழுந்தது.

வாப்பாவிடம் முதலில் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. "அது உன் உம்மாவின் பொருள். தாய்வீட்டுச் சீராக வந்தது. அதில் எனக்கே உரிமை இல்லை. உனக்கு எங்கிருந்து வந்தது? கேட்பதானால் அவளிடம் கேள்" என்றார்கள்.

உம்மாவிடம் கேட்டேன். அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. "தங்கச்சிக்குன்னுதான் வச்சிருக்கேன், வாப்பா. எப்பத் திருப்பித் தருவே?" என்றார்கள். இரண்டு வருடத்தில் என்றேன். அப்போது என் தங்கைக்குப் பதினொரு வயது.

உம்மா வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்த பிறகு, வாப்பா தம் பாய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். நான் ஒன்பதாயிரம் ரூபாய் என்று எழுதப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரூபாய்க் கணக்கு எழுதாதே. நீ வாங்குவது ஆறு சவரன். திருப்பிக் கொடுப்பதும் ஆறு சவரன். பொன் விலை ஏறினாலும் இறங்கினாலும் எடை எடைதான். ஒரு குன்றிமணி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

வட்டியில்லாத அழகிய கடன் என்று நம் மார்க்கம் சொல்வது இதுதான் என்றும், பொன்னைக் கடனாக வாங்கியவன் பொன்னாகவே தீர்க்க வேண்டும் என்றும் விளக்கினார்கள். அந்த வயதில் எனக்கு அது சலுகையாகத் தோன்றிற்று. வட்டியில்லை அல்லவா! அதன் பாரம் பின்னால்தான் தெரிந்தது.

பெட்டி திருநெல்வேலியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்தது. நிலையத்திலிருந்து இருவர் தூக்கிவந்தோம். மூன்று வாரம் தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. நான்காம் வாரம் நான் அதன் பின்மூடியைக் கழற்றியபோது உம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆறு சவரனை அக்கக்காகப் பிரிக்கிறானே என்ற அச்சம் அவர்களுக்கு.

இக்காலப் பிள்ளைகள் பார்த்திராத பொருளாதலால் அந்தப் பெட்டியின் உள்ளமைப்பைச் சிறிது சொல்லுகிறேன். அதன் உயிர், பிக்சர் டியூப் என்னும் பெரிய கண்ணாடிக் குடுவை. ஜெர்மானிய அறிஞர் பிரவுன் 1897-இல் கண்ட கருவியின் வழித்தோன்றல் அது. உள்ளே காற்று இராது. கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை, முன்முகத்தில் பூசிய ஒளிரும் பொடியை வரிவரியாகத் தடவிக்கொண்டு போகும். அந்த வேகத்தில் படம் தோன்றும். கற்றையை இழுக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும். பெட்டியை அணைத்த பின்னும் குடுவை அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஒருமுறை அது என்னைச் சுவரோடு வீசியடித்தது. காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கண்ணாடி கனமாக இருக்கும். கதிர்களைத் தடுக்க அதில் ஈயம் கலந்திருக்கும். திரை அகலமாக ஆக, குடுவையும் ஆழமாக வேண்டும். ஆகையால் பெரிய திரை என்றால் பெரிய பாரம், பெரிய விலை.

ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் மனிதன் கழற்றலாம், மாற்றலாம். கருகிய தடையை எடுத்துவிட்டுச் சில காசுக்குப் புதியது வைக்கலாம். அந்த வசதியால்தான் நான் பிழைத்தேன். 1986-இல் அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒரு கடை பிடித்தேன். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர்களின் டயனோரா, சாலிடேர், கெல்ட்ரான் பெட்டிகள் என் கடைக்கு வந்தன.

அதே ஆண்டு ஜித்தாவிலிருந்து விடுப்பில் வந்த மாமா, ஹஜ் காட்சிகள் அடங்கிய ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். தெருப் பெண்கள் அனைவரும் எங்கள் கூடத்தில் கூடினர். கஃபாவை ஹாஜிகள் வலம்வரும் காட்சி வண்ணத்தில் அசைந்தபோது அங்கே ஒரு விசும்பலைத் தவிர வேறு ஓசையில்லை. பெட்டி வந்த நாள்முதல் அதன் எதிரே உட்காராத வாப்பா, வாசற்படியில் நின்றபடியே முழுதும் பார்த்தார்கள். உம்மா வெறுங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் கைகள் வெறுமையாக இருந்ததை அன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன்.

இரண்டு வருடம் என்று சொன்ன நான், முதல் வளையலை 1988-இல்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அப்போது சவரன் விலை ஏறியிருந்தது. உம்மா வளையலை வாங்கிக்கொண்டு, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அரபுத் தமிழ் எழுத்தில் "ஒண்ணு வந்தது" என்று எழுதினார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. மதரஸாவில் கற்ற அரபு எழுத்தில் தமிழை எழுதுவார்கள். இரண்டாவது 1990-இல். மூன்றாவது 1992-இல், தங்கையின் நிக்காஹுக்கு முந்தின வாரம். சவரன் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. நான் வாங்கிய பெட்டியோ அதற்குள் பழம்பொருள். அதைவிட நல்ல பெட்டிகள் அதைவிடக் குறைந்த பொன்னுக்குக் கிடைத்தன.

ஆறு வளையல் அணிந்து போயிருக்க வேண்டிய தங்கை மூன்றோடு மாமியார் வீடு போனாள். மணமகன் வீட்டார் கண்ணியமானவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பொருளின் விலை இறங்கும். அதற்காகப் பட்ட கடன் இறங்காது. என் தராசின் ஒரு தட்டில் கண்ணாடி. மறு தட்டில் பொன். கண்ணாடித் தட்டு ஆண்டுதோறும் மேலே போயிற்று. பொன் தட்டு கீழே கீழே தாழ்ந்தது. அந்தப் பெட்டி எனக்கு ஒரு தொழிலைக் கற்றுத் தந்திராவிட்டால் என் கதி என்ன?

பிறகு வந்த ஆண்டுகளில் விலை இறக்கம் விரைவாயிற்று. 1991-க்குப்பின் அந்நிய நிறுவனங்களும் உள்நாட்டு நிறுவனங்களும் போட்டியிட்டன. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது; கேபிள் கம்பி தெருத்தெருவாக ஓடிற்று. நான்காம் வளையலை 1996-இலும் ஐந்தாவதை 2001-இலும் கொடுத்தேன். இதற்கிடையே 1998-இல் வாப்பா மௌத்தானார்கள். "இன்னும் மூன்றா?" என்று படுக்கையில் கேட்டார்கள், "இல்லை, இரண்டுதான்" என்றேன். தலையசைத்தார்கள்.

2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. பதினான்கு அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கும் அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு காலத்தில் ஒரு தெருவே கூடிநின்று பார்த்த பொருள், குடும்ப அட்டையைக் காட்டினால் கிடைக்கும் பொருளாயிற்று. அதைக் குறை சொல்ல என் நா எழாது. பீடி சுற்றும் பெண்ணும் பாய் நெய்யும் பெண்ணும் அயலார் வீட்டு வாசலில் நில்லாமல் தம் வீட்டிலேயே இருந்து பார்த்தனர். எனக்கும் சில ஆண்டுகள் வேலை குவிந்தது.

2007-இல் ஆறாவது வளையலை வாங்கினேன். அவ்வாண்டில் சவரன் ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தது. இருபத்தொரு அங்குல வண்ணப் பெட்டியும் ஏறக்குறைய அதே விலை! ஆறு சவரனுக்கு வாங்கிய பொருள் ஒரு சவரனுக்கு வந்துவிட்டது. உம்மா நடுங்கும் கையால் "ஆறும் வந்தது" என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்கள். கடைசி மூன்று வளையல்களையும் தங்கையின் மகள் கையில் பூட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு வாங்கிய கடன் தீர இருபத்திரண்டு வருடமாயிற்று. உம்மா மௌத்தானது 2009-இல். கடனோடு அவர்களை நான் அனுப்பவில்லை என்ற ஆறுதல் எனக்கு மிஞ்சியது.

என் கடன் தீர்ந்த அந்த 2007-ஆம் ஆண்டுதான் என் தொழிலுக்கும் முடிவுகட்டிய ஆண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவ்வாண்டின் கடைசி மூன்று மாதங்களில், உலக அளவில் முதன்முறையாகக் குடுவைத் தொலைக்காட்சிகளைவிடத் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் அதிகமாக விற்றன.

தட்டைத் திரையின் கதை கேரட் கிழங்கில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? 1888-இல் பிராக் நகரில் ரைனிட்சர் என்னும் தாவர அறிஞர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கி ஆராய்ந்தார். அது இருமுறை உருகிற்று! 145 பாகையளவில் கலங்கிய நீர்மமாயிற்று. 178 பாகையைத் தாண்டியதும் தெளிந்தது. திடமும் அல்லாத, முழு நீர்மமும் அல்லாத அந்த இடைநிலைக்குத் திரவப் படிகம் என்று பெயரிட்டனர். எண்பது ஆண்டுகள் அது ஆய்வுக்கூடத்து வியப்பாகவே கிடந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம், ஹைல்மையர் என்பவரின் ஆய்வைக் கொண்டு, திரவப் படிகத்தால் எழுத்தும் எண்ணும் காட்டலாம் என்று அறிவித்தது. 1973-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் அதைக் கணக்குப்பொறியில் வைத்தது. அந்நிறுவனமே 1988-இல் பதினான்கு அங்குல வண்ணத் திரையைச் செய்து காட்டியது. நான் உம்மாவிடம் முதல் வளையலைக் கொடுத்த ஆண்டு அது.

முதலில் மாறியவை கணிப்பொறித் திரைகள். அம்பாசமுத்திரத்தில் ஒரு கணிப்பொறி நிலையத்தில் பானை போன்ற பழைய மானிட்டர்களை நான்தான் பழுது பார்ப்பேன். ஒருநாள் அவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மெல்லிய திரைகளை வைத்தனர். அவற்றில் ஒன்று கெட்டபோது என்னிடம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உடனே எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. அது ஒரு பாய்!

பத்தமடைப் பாய் நெய்வதைப் பார்த்தோர் அறிவர். பாவு இழைகள் நீளவாக்கில் ஓடும். கோரை குறுக்கே போகும். இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் ஒரு பின்னல். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது என்று பாவின் எண்ணிக்கை ஏற ஏறப் பாய் பட்டுப்போல் மென்மையாகும். தட்டைத் திரையும் அவ்வாறே. நெடுக்கில் ஆயிரக்கணக்கான மின்கம்பிகள், குறுக்கில் ஆயிரக்கணக்கானவை. கண்ணுக்குத் தெரியாத நுண்மை. சந்திக்கும் இடந்தோறும் ஒரு சிறு டிரான்சிஸ்டர். அது திறந்தால் திரவப் படிகம் திரும்பிப் பின்னாலிருக்கும் விளக்கின் ஒளியை விடும், மூடினால் மறைக்கும். இன்று நடுத்தர வீடுகளில் சாதாரணமாகிவிட்ட நான்கு-கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கண். ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பின்னல்கள்!

இவ்வளவு நுட்பமான பொருள் எப்படி இரண்டு கிராம் பொன்னுக்குக் கிடைக்கிறது? விடை கண்ணாடித் தகட்டின் அளவில் இருக்கிறது. திரைகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. தாய்க் கண்ணாடி என்னும் பெரிய தகட்டின் மேல் எல்லாப் பின்னல்களையும் ஒரே நேரத்தில் பதித்து, பிறகு துண்டுகளாக வெட்டுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அத்தகடு ஒரு சிறு ஜன்னல் கதவளவு, ஓரடிக்கு ஒன்றேகாலடிதான். 2009-இல் ஜப்பானின் சகாய் நகரில் ஷார்ப் திறந்த ஆலையில் அது 2.88 மீட்டருக்கு 3.13 மீட்டர். பின்னர்ச் சீனாவின் ஹெஃபெய் நகரில் எழுந்த ஆலையில் 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர், ஒரே தகட்டிலிருந்து 65 அங்குலத் திரைகள் எட்டு கிடைக்கின்றன. தகடு பெருத்த அளவுக்கு வேலை பெருகவில்லை; ஆகவே திரையொன்றுக்கு ஆகும் செலவு குறைந்தது. தொடக்கத்தில் குறையுள்ளவை என்று கழித்துத் தள்ளியவை ஏராளம். அனுபவம் கூடக் கூடக் கழிவு குறைந்தது. ஆலை கட்ட ஆன பெருஞ்செலவையும் கழிவின் நட்டத்தையும் முதலில் வாங்கியோர் தலையில்தான் ஏற்றினர். 1997-இல் பிளாஸ்மா என்னும் வகையில் 42 அங்குலத் திரை சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 15,000 டாலர். அவ்விலை கொடுத்தவர்கள் ஒரு வகையில் நமக்காகக் கொடுத்தார்கள். அந்தப் பிளாஸ்மாவே 2014-க்குள் மறைந்தும் போயிற்று.

விலை தானாக இறங்கியது என்றும் எண்ணிவிடக் கூடாது. அதைத் தடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2001 முதல் 2006 வரை தைவானிலும் கொரியாவிலும் இருந்த சில பெரிய நிறுவனங்களின் அதிகாரிகள், தைவானிய ஓட்டல் அறைகளில் இரகசியமாகக் கூடித் திரைகளின் விலையைத் தமக்குள் பேசி நிறுத்தினர். அது வெளிப்பட்டது. 2008 முதல் அமெரிக்க நீதிமன்றங்களில் நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டன. 2010-இல் ஐரோப்பிய ஆணையம் சுமார் 65 கோடி யூரோ அபராதம் விதித்தது. சரக்கைப் பதுக்கியும் கூடிப் பேசியும் விலையேற்றுவதை நம் மார்க்கம் ஏன் அத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதற்கு இது நம் காலத்துச் சான்று.

வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது அட்டைப் பெட்டியில் தட்டைத் திரையைச் சுமந்துவந்த காலம் நினைவிருக்கும். அங்கே விலை குறைவு. வரிச் சலுகையும் இருந்தது. 2013 ஆகஸ்ட் 26 முதல் இந்திய அரசு அச்சலுகையை நீக்கி, 36 விழுக்காட்டுக்கு மேல் வரி விதித்தது. அதற்குப் பின் இங்கேயே விலை இறங்கிவிட்டதால், சுமப்பதற்குத் தேவையும் இல்லாமற் போயிற்று.

எல்லாம் நன்றே. ஆனால் தாய்க் கண்ணாடியில் ஒருசேரப் பதித்த பின்னலில் ஓர் இழை அறுந்தால் அதை எடுத்துக் கட்ட என்னிடம் விரல் இல்லை. பின்விளக்கு கெட்டால் மாற்றலாம். மின்பலகை கெட்டால் மாற்றலாம். திரையே கெட்டால், திரைதான் பெட்டி. மலிவு எந்த வழியால் வந்ததோ அந்த வழியாலேயே என் தொழில் வெளியேறிற்று. 2015-இல் கடையை மூடினேன். அதற்காக எவரையும் நான் நோகவில்லை. ரேடியோவை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போனபோது நானும் ஒரு பழைய தொழிலைக் கைவிட்டவன்தானே. செய்தவர்களும் தப்பவில்லை, சகாய் ஆலையே 2024-இல் தொலைக்காட்சித் திரை செய்வதை நிறுத்திவிட்டது.

பாய் மட்டும் மலிவாகவில்லை. தாமிரபரணியின் ஓடும் நீரில் கோரையை ஊறவைத்து, நுண்ணிதாகக் கிழித்து, நாள்கணக்காகக் குனிந்து நெய்யும் விரல்களைப் பெரிதாக்க முடியாது. ஒரே நேரத்தில் எட்டுப் பாய் நெய்யவும் முடியாது. ஆகையால் நல்ல பாயின் விலை ஏறியே வந்திருக்கிறது. அந்த ஏற்றம் நெய்யும் பெண்ணின் கைக்கு முழுதாகப் போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி. வாப்பா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

இப்போது என் மகனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதிய பெட்டியை அவன் தவணையில் வாங்க நினைத்தான். வட்டியில்லாத் தவணை என்று கடைக்காரர் சொன்னாராம். தவணைக் காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். செயல்முறைக் கட்டணம் என்று ஒரு வரி. ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு இல்லை என்று மற்றொரு வரி. இரண்டையும் கூட்டினால் அது வட்டியா இல்லையா என்று அவனையே கணக்கிடச் சொன்னேன். கணக்கிட்டுவிட்டு ரொக்கம் கொடுத்தான். கையில் ரொக்கம் இல்லையென்றால் ஓராண்டு பொறுக்கலாம். விலை இறங்கும் பொருளுக்காகப் பொறுப்பவனுக்கு நட்டமில்லை. கடன்பட்டே தீர வேண்டுமென்றால், அந்தப் பொருள் சோறு போடும் கருவியாக இருக்கட்டும். என் முதல் பெட்டி கருவியாக இருந்தது. அதனால்தான், மிகத் தாமதமாகவேனும், ஆறு வளையல்களைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. கூடத்து அலங்காரத்துக்காக வாங்கியிருந்தால் அந்தக் கடன் இன்றும் நின்றிருக்கும்.

மறுநாள் காலையில் பேரப்பிள்ளைகளை அழைத்து வாப்பாவின் கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். பந்தடித்து உடைத்ததற்கு வசை கிடைக்கும் என்று பயந்தவாறே வந்தனர். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். மேலே வாப்பாவின் கையெழுத்தில் "ஆறு சவரன்" என்று ஒரே வரி. அதன் கீழே, வலமிருந்து இடமாக, உம்மாவின் எழுத்தில் ஆறு வரிகள். இது அரபியா என்று பெரியவன் கேட்டான். தமிழ்தான் என்றேன். எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். மதரஸாவில் ஓதுபவர்களாதலால் விரைவில் பிடித்துக்கொண்டனர்.

"அப்ப, டிவி எவ்வளவு ரூபாய்னு இதுல எழுதலையா?" என்று சின்னவன் கேட்டான்.

எழுதவில்லை என்றேன். அவன் விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணிக்கொண்டிருந்தான்.